அலையும் பொருளும்: காவலூர் மலை கற்பிக்கும் பாடம்
(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் தேர்வுப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

 

நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், வாழ்த்துரை மட்டும் கூறி அமர்ந்துவிட என் மனம் ஒப்பவில்லை. தேர்வு நெருங்குகின்றது. மேல்நிலை வகுப்பு இயற்பியலில் நம் பிள்ளைகளை மிகவும் அச்சுறுத்தும் பாடங்கள் இரண்டு. ஒன்று, பருப்பொருளின் பண்புகள், மற்றொன்று, அலைகள். இவ்விரண்டையும் பொருள் விளங்காமல் மனப்பாடம் செய்து, வினா சற்றே மாறியவுடன் திகைத்து நிற்கும் மாணவர் பலர். இயற்பியல் நமக்கு வராது என்று ஒதுங்கிவிடுவோரும் உண்டு. அவ்வாறு ஒதுங்கினால், பொறியியலுக்கும் அறிவியல் ஆராய்ச்சிக்கும் செல்லும் வாயில்களை நம் கையாலேயே அடைத்துக்கொள்கின்றோம். ஆகவே, அப்பாடங்களைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டும் தனித்தனிப் பாடங்களாக அச்சிடப்பட்டிருப்பினும், ஒன்றையொன்று சார்ந்தவை. ஒலியலை ஒரு பொருளின் வழியே எவ்வளவு விரைவாகச் செல்லும் என்பதை அப்பொருளின் மீட்சியியல்பும் அடர்த்தியுமே முடிவு செய்கின்றன. மீட்சி மிகுந்தால் வேகம் மிகும். அடர்த்தி மிகுந்தால் வேகம் குறையும். இவ்வொரு கருத்தைப் பற்றிக்கொண்டால் பாதிப் பாடம் உங்களுடையதாகிவிடும்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பறையை எடுத்துக்கொள்வோம். அடிப்பதற்கு முன் வைக்கோல் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சுவதை நம் ஊர்களில் காணாதவர் இலர். தீயின் வெம்மையால் தோலின் ஈரம் நீங்குகின்றது, தோல் இறுகுகின்றது, அதன் இழுவிசை மிகுகின்றது, அதனால் அதிர்வெண் உயர்ந்து ஓசை கணீரென ஒலிக்கின்றது. இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரு மடங்காகும் என்று நம் பாடநூல் இழுத்துக் கட்டிய கம்பிக்குக் கூறும் விதி, தோலுக்கும் பொருந்தும். சாவு வீட்டில் பறையடிக்கும் பணியைப் பிறப்பின் பெயரால் நம்மீது சுமத்திய கொடுமையை நம் முன்னோர் எதிர்த்தனர். அது நியாயமான எதிர்ப்பே. ஆயினும், தோலின் இயல்பறிந்து ஓசையைப் பண்படுத்திய அவ்வறிவில் இழிவு ஏதுமில்லை. அவ்வறிவுக்குரிய பெயரையும் சூத்திரத்தையும் கற்கும் வாய்ப்பே அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அவ்வாய்ப்பு இன்று உங்கள் கையில் இருக்கின்றது.

இனிச் சில கணக்குகளைக் காண்போம். எஃகின் யங் குணகம் சதுர மீட்டருக்கு 2×10¹¹ நியூட்டன். அடர்த்தி கன மீட்டருக்கு 7,800 கிலோகிராம். முன்னதைப் பின்னதால் வகுத்து வர்க்கமூலம் காண்க. நொடிக்கு ஏறத்தாழ 5,060 மீட்டர் என்று விடை வரும். இதுவே எஃகுத் தண்டில் ஒலியின் வேகம். காற்றிலோ 0 பாகை செல்சியசில் 332 மீட்டரே. காற்றைவிட அடர்த்தி மிகுந்த எஃகில் ஒலி எங்ஙனம் விரைகின்றது என்று வினவுவர். காற்றோடு ஒப்பிடும்போது, எஃகின் அடர்த்தி மிகுந்துள்ள மடங்கைக் காட்டிலும் அதன் மீட்சிக் குணகம் மிகுந்துள்ள மடங்கு மிகப் பெரிது என்பதே காரணம் என்று எழுதுங்கள்.

காற்றில் ஒலியின் வேகத்தை முதலில் கணக்கிட்ட நியூட்டனுக்கு 280 மீட்டர் என்றே விடை கிடைத்தது. ஒலி செல்லும்போது காற்றின் வெப்பநிலை மாறுவதில்லை என்று அவர் கொண்டதே அதற்குக் காரணம். அமுக்கமும் தளர்வும் மிக விரைவாக நிகழ்வதால் வெப்பம் வெளியேற நேரமில்லை என்பதை லாப்லாஸ் உணர்ந்து, 1.4 என்னும் எண்ணைச் சேர்த்துத் திருத்தினார். மேதை எழுதியதாயினும் ஏன் என்று கேட்ட பின்னரே ஏற்க வேண்டும் என்பதை இத்திருத்தம் உணர்த்துகின்றது.

மற்றொரு கணக்கு: 2 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உடைய எஃகுக் கம்பியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு நீளும்? விசை ஏறத்தாழ 100 நியூட்டன். விசையையும் நீளத்தையும் பெருக்கி, பரப்பு, யங் குணகம் ஆகியவற்றின் பெருக்கலால் வகுத்தால் 1 மில்லிமீட்டர் என்று வரும். பரப்பைச் சதுர மீட்டராக மாற்ற மறந்தால் விடை முழுதும் பிழையாகும். அலகை எழுதாத விடை, முகவரி எழுதாத கடிதம் போன்றது.

இனிக் காவலூருக்கு வருவோம். திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆலங்காயத்தை அடுத்து, ஜவ்வாது மலையில் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் உள்ளது அச்சிற்றூர். அறிஞர் வைணு பாப்பு அவர்களின் முயற்சியால், 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் அங்கு வானாய்வு தொடங்கியது. 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென்பதை உலகம் அறிந்தபோது, அக்கண்டுபிடிப்பில் காவலூருக்கும் பங்கிருந்தது. 2.34 மீட்டர் பெருந்தொலைநோக்கி நம் நாட்டிலேயே வடிவமைக்கப்பட்டது. அதன் ஆடி பெங்களூரில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. 1982-இல் மறைந்த வைணு பாப்பு அவர்கள் அது நிறைவேறியதைக் காணவில்லை. 1986 ஜனவரி 6 அன்று அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது அவர் பெயரே சூட்டப்பட்டது.

அத்தொலைநோக்கியின் ஆடி எதற்காக? விண்மீனின் ஒளியலைகளை ஒரு புள்ளியில் குவிப்பதற்காக. மஞ்சள் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 589 நானோமீட்டர். ஆடியின் வளைவு அவ்வலைநீளத்தின் சிறு பகுதிக்குள் துல்லியமாக இருத்தல் வேண்டும். சாதாரணக் கண்ணாடியின் நீள் விரிவுக் குணகம் 1 பாகைக்கு 9×10⁻⁶ அளவினது. அதனால் 2.34 மீட்டர் அகலமுள்ள ஆடி ஒன்று செய்தால், 1 பாகை வெப்பம் உயரும்போது அது 21 மைக்ரோமீட்டர் விரியும். இது மஞ்சள் ஒளியின் அலைநீளத்தைப்போல் 35 மடங்குக்கும் மேல்! ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருப்பின் வளைவு கெட்டுப் பிம்பம் சிதையும். ஆதலால் பெருந்தொலைநோக்கிகளுக்கு மிகக் குறைவாக விரியும் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆடி தன் எடையாலேயே வளையாதிருக்கப் பல இடங்களில் தாங்கியும் நிறுத்துகின்றனர். அலைகளைக் குவிக்கப் பொருளின் பண்பை அறிந்தாக வேண்டும். இரு பாடங்களும் ஒரே ஆடியில் சந்திக்கின்றன.

குவிந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் விண்மீனின் வேகமும் தெரியும். டாப்ளர் விளைவுப்படி, 500 நானோமீட்டரில் தோன்ற வேண்டிய கோடு 0.05 நானோமீட்டர் சிவப்புப் பக்கம் விலகியிருந்தால், அவ்விண்மீன் நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை விட்டு விலகுகின்றது. நீங்களே கணக்கிட்டுச் சரிபாருங்கள்.

நிறமாலைக் கோடுகளின் வலிமை விண்மீனின் வெப்பநிலையைப் பொறுத்து எங்ஙனம் மாறுகின்றது என்பதை 1920-இல் தம் சமன்பாட்டால் விளக்கியவர் மேகநாத சாகா. டாக்கா அருகே ஒரு சிறு கடைக்காரரின் மகன். சாதிச் சமூகம் தாழ்ந்ததெனக் கருதிய குடும்பத்தில் 1893-இல் பிறந்தவர். கல்கத்தாவில் பயின்றபோது, விடுதியில் உடன் தங்கிய மாணவர் சிலர் அவரோடு ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண மறுத்தனர். உடன் உண்ண மறுத்தவர்களின் பெயர்களை உலகம் அறியாது. சாகாவின் சமன்பாடு இல்லாமல் விண்மீன்களின் நிறமாலையை இன்று எவரும் விளக்க இயலாது. அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே பம்பாயில் தொடங்கிய சித்தார்த் கல்லூரியில் கலையோடு அறிவியலுக்கும் இடமளித்தார் என்பதையும் ஈண்டு நினைவு கூர்க.

மாணவச் செல்வங்களே! தேர்வுக்குச் சில குறிப்புகள் கூறி முடிக்கின்றேன். ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குச் செல்லும்போது அதிர்வெண் மாறாது. வேகமும் அலைநீளமுமே மாறும். தகைவுக்கு அலகு உண்டு. திரிபுக்கு அலகு இல்லை. ரப்பரைவிட எஃகே மீட்சியியல்பு மிகுந்தது. எளிதில் நீள்வதை மீட்சி என்று மயங்காதீர். ஒவ்வொரு சூத்திரத்தையும் ஒருமுறையேனும் நூலை மூடிவைத்து நீங்களே வருவியுங்கள். இருவர் மூவராகக் கூடி அமர்ந்து, அறிந்தவர் அறியாதவருக்கு விளக்குங்கள். விளக்குபவருக்கே பாடம் ஆழமாகப் பதியும்.

பெற்றோர்களே! தேர்வு முடியும் வரையேனும் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாமல், மாலையில் இரண்டு மணி நேரமும் ஒரு விளக்கும் அவர்களுக்கு ஒதுக்கித் தாருங்கள். மனப்பாடம் செய்த விடை எழுதியவருக்கே சொந்தம். விளங்கிக் கற்ற விடை கற்றவரைவிட்டு என்றும் நீங்காது. காவலூர்த் தொலைநோக்கியை வடிவமைப்போராகவும் அதன் வழியே வானை ஆய்வோராகவும் நம் பிள்ளைகள் அம்மலை ஏறும் நாள் வரவேண்டும். அதற்கான முதற்படி இத்தேர்வு.