மார்க்கட் என்றால் எந்த மார்க்கட்?

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிகளுக்கான தொழிற்சங்க வகுப்பில் நிகழ்த்திய உரை)



சம்பளப் பேச்சுவார்த்தை தொடங்கினால் கம்பனிகள் தரப்பில் வரும் முதல் பேச்சு, "மார்க்கட் விழுந்துவிட்டது" என்பதுதான். எந்த மார்க்கட், அங்கே விற்பவர் யார், வாங்குபவர் யார் என்று திருப்பிக் கேட்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் வரை உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஸ்டோரில் ஒரு கிலோ தூளாகிறது. தரம் பிரித்த தூள், தோட்டத்து மார்க் அச்சடித்த சாக்குகளில் கொழும்புக்கு லொறி ஏறுகிறது. அங்கே அதை விற்றுக்கொடுப்பவர் தரகர். தேயிலை அவருக்குச் சொந்தமல்ல. கம்பனிக்காக விற்றுத் தரகுப் பணம் எடுப்பவர். மாதிரி எடுத்து, சுவைத்து, மதிப்புப் போட்டு, வாங்குவோருக்கும் மாதிரி அனுப்புவார். பிறகு ஏலம். கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30ஆம் திகதி நடந்தது. ஆட்கள் கூடி விலை கேட்ட ஏலம், 2020இல் கொரோனா வந்தபோது கணினிக்கு மாறியது. இலங்கைத் தேயிலையில் மிகப் பெரும்பகுதி இந்த வாசல் வழியாகவே போகிறது.

மார்க்கட் விழுந்தது என்று நமக்குச் சொல்லப்படுவது இந்த ஏல விலையைத்தான். பாதி வழியில் இருக்கும் விலை அது. ஏலத்தில் எடுத்த ஏற்றுமதிக் கம்பனி பல தோட்டத்துத் தூளைக் கலக்கிறது, பக்கட்டில் அடைக்கிறது, தன் பெயரை ஒட்டிக் கப்பலேற்றுகிறது. ஈராக்கிலோ ரஷ்யாவிலோ இறக்குமதிக்காரர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று இன்னும் கை மாறும். ஒவ்வொரு கைக்கும் வேலையும் செலவும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேச்சு மேசையில் அந்தப் பின்பாதி வழியைப் பற்றி மூச்சே இருக்காது. சில பெருந்தோட்டக் கம்பனிகளின் தாய்க்கம்பனிகளிடம் ஏற்றுமதிக் கம்பனிகளும் இருக்கின்றன. ஏலத்தில் விலை இறங்கினால் விற்பவருக்குக் கஷ்டம், வாங்குபவருக்கு மலிவு. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் எந்தக் கணக்கைக் காட்டி நம்மிடம் அழுகிறார்கள்?

அப்படியானால் இடையில் இருப்பவர்களை ஒழித்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். அதை 1890இலேயே ஒருவர் செய்து பார்த்தார். பிரிட்டனில் வரிசையாக மளிகைக் கடைகள் வைத்திருந்த தோமஸ் லிப்டன், லண்டன் தேயிலை வியாபாரிகளைத் தாண்டிப் போக இங்கே வந்து தம்பேதன்ன முதலான தோட்டங்களை வாங்கினார். தோட்டமும் அவருடையது, கடையும் அவருடையது. விலையைக் குறைத்து விற்றும் பெரும் பணக்காரரானார். நடுவில் மிஞ்சிய காசு லயத்துக்கு வரவில்லை. வழி சுருங்கினால் காசு தானாகக் கீழே இறங்கும் என்பதை நான் நம்புவதில்லை.

இறங்க வேண்டுமானால் அதற்கு ஒரு சூத்திரம் எழுதப்பட வேண்டும். சிறுதோட்டக்காரர்களுக்கு அது இருக்கிறது: தொழிற்சாலைக்குக் கிடைக்கும் நிகர ஏல விலையில் நூற்றுக்கு 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு. நமக்கு என்ன இருந்தது? கூட்டு ஒப்பந்தத்தில் விலைப் பங்குக் கொடுப்பனவு என்று ஒன்று இருந்தது. 2009இல் 30 ரூபா, 2011இல் 30 ரூபா, 2013இல் 30 ரூபா, 2016இலும் அதே 30 ரூபா. 2019இல் 50. பெயரில்தான் விலைப் பங்கு. ஏலத்தில் விலை ஏறினாலும் அது அசையவில்லை. 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் 1000 ரூபா வந்தபோது அந்தப் பெயரும் போய்விட்டது.

அடிப்படைச் சம்பளத்தில் கை வைக்காமல், அதற்கு மேலே, ஏல விலையோடு கூடவே ஏறுகிற ஒரு பங்கை நாம் கேட்க வேண்டும். விலை விழும்போது மட்டும் நம்மைக் கூட்டாளிகள் ஆக்குவது போதாது.

அதற்குக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். தரகர்கள் வாராவாரம் ஏல அறிக்கை வெளியிடுகிறார்கள். எந்த மார்க் என்ன விலைக்குப் போனது என்று பார்க்க வழியுண்டு. அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் தோட்டத்து மார்க்கின் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். ஸ்டோர் சாக்கில் பெரிதாகவே அச்சடித்திருக்கும். இங்கிலீஷ் எழுத்து என்று தயங்க வேண்டாம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொன்னால் எழுதித் தரும்.