மாவு மூட்டைக்குப் பின்னே ஒரு மூச்சு

பரோட்டாக் கடையில் மாவுத் தூசி கிளம்புவது மாஸ்டர் வீசும்போது அல்ல. அப்போது உருண்டை எண்ணெயில் ஊறியிருக்கும். தூசி எழுவது அதற்கு வெகு முன்னால், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில். மைதா மூட்டையைப் பிரித்து அண்டாவில் கவிழ்க்கும்போது எழுகிறது, சலிக்கும்போது எழுகிறது, காலிச் சாக்கை உதறும்போது எழுகிறது, கடை அடைத்தபின் காய்ந்த தரையைப் பெருக்கும்போது மறுபடியும் எழுகிறது. பேக்கரியாக இருந்தால் மாவு பிசையும் எந்திரமும் தன் பங்குக்குக் கிளப்பும். தூத்துக்குடியிலிருந்து ஆத்தூர் வழியாகத் திருச்செந்தூர் போகிறவர் சாப்பிட இறங்கினால், முன்னால் இருக்கும் சூடான கல்லைத்தான் பார்க்கிறார். பின்கட்டில் மூட்டை பிரிக்கிறவரை எவரும் பார்ப்பதில்லை.

மாவு சாப்பிடுகிற பொருள்தானே, அது என்ன செய்துவிடும் என்பது கடைதோறும் கேட்கும் வாதம். வயிற்றுக்குப் போகும் வழி வேறு. நுரையீரலுக்குப் போகும் வழி வேறு. கோதுமையின் புரதங்களும், ரொட்டி நன்றாக உப்புவதற்காகச் சேர்க்கப்படும் அமைலேஸ் என்ற நொதியும் மூச்சுக்குழாயில் தொடர்ந்து படியும்போது, சிலருடைய உடல் அவற்றைப் பகையாகக் கொண்டு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. முதலில் தும்மல், மூக்கொழுகல், கண்ணரிப்பு. மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ இருமல், நெஞ்சு இறுக்கம், இரவில் இழுப்பு. ஒருமுறை இந்த ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பிறகு ஒரு கைப்பிடி மாவின் தூசியே இழுப்பைக் கிளப்பப் போதும். மருத்துவ உலகம் இதற்கு 'பேக்கர் ஆஸ்துமா' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறது.

இது நேற்று கண்டுபிடித்த நோயும் அல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-இல் வெளியிட்ட நூலில், ரொட்டி சுடுவோரின் இருமலையும் மூச்சிரைப்பையும் எழுதிவைத்தார். பிரிட்டனில் 8 மணி நேர வேலையின் சராசரிக்கு, ஒரு கன மீட்டர் காற்றில் 10 மில்லிகிராம் மாவுத் தூசிக்கு மேல் கூடாது என்று வரம்பு இருக்கிறது. அமெரிக்கத் தொழில்நலவியல் வல்லுநர் அமைப்பு 0.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. அங்கே மாவை நிறுத்துப் பார்க்கிறார்கள், தொழிலாளியின் மூச்சுக்காக. இங்கே மாவு நிறுக்கப்படுவது விலைக்காக மட்டுமே.

இந்தியச் சட்டம் தூசியை அறியாததா? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தூசியைத் தொழிலாளி சுவாசிக்காதபடி அது கிளம்பும் இடத்திலேயே தடுக்கவும் வெளியேற்றவும் 14-ஆம் பிரிவில் வழி சொன்னது. ஆனால் தொழிற்சாலை என்பதற்கு அந்தச் சட்டம் தந்த வரையறை, ஓட்டலையும் உணவகத்தையும் சாப்பாட்டுக் கடையையும் விலக்கிவைத்தது. ஆலைக்குள் தூசியாக இருந்த மாவு, கடைக்குள் வந்ததும் சட்டத்தின் கண்ணுக்குத் தூசியாகத் தெரியவில்லை. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பொதுவாகப் பத்துப் பேராவது வேலை பார்க்கும் இடத்தையே நிறுவனமாகக் கொள்கிறது. ஐந்தாறு பேர் உழைக்கும் சாலையோரக் கடை அந்தக் கணக்கிலும் வராது. ஆறு பேரின் நுரையீரல் பத்துப் பேரின் நுரையீரலைவிடக் கெட்டியானதா?

அடுத்த வாதம், அந்த இழுப்புக்குக் காரணம் மாவு அல்ல, அடுப்புப் புகை, சளி, பரம்பரை என்பது. இதற்கு எளிய சோதனை உண்டு. ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருக்கும்போது மூச்சு இலேசாகி, வேலைக்குத் திரும்பியதும் இழுப்பும் திரும்பினால், சந்தேகம் முதலில் வேலையிடத்தின் மேல் விழ வேண்டும். காலத்தோடு கண்டறிந்து தூசியிலிருந்து விலக்கினால் பலர் தேறுகிறார்கள். தூசிக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் நிற்பவருக்கு நோய் நிலைத்துவிடுகிறது.

சின்னக் கடை செலவு தாங்காது என்பது மூன்றாவது வாதம். மூட்டையை அண்டாவின் வாயோடு தாழ்த்தி மெதுவாகச் சரிப்பதற்குச் செலவில்லை. காலிச் சாக்கை உதறாமல் சுருட்டி வைப்பதற்கும், விளக்குமாற்றை விட்டு ஈரத்துணியால் துடைப்பதற்கும் செலவில்லை. எந்திரத்துக்கு மூடி போட்டு முதலில் மெதுவாக ஓட்டுவதும், மூட்டை பிரிக்கும்போது மின்விசிறியை நிறுத்துவதும் பழக்கம்தான், முதலீடு அல்ல. அடுப்பருகே மூட்டை பிரிப்பதும் கூடாது. காற்றில் அடர்ந்த மாவு தீப்பட்டால் வெடிக்கும். 1785-இல் துரின் நகரத்து ரொட்டிக் கடை ஒன்றின் மாவுக் கிடங்கு விளக்குச் சுடர் பட்டு அப்படித்தான் வெடித்தது. மூட்டை பிரிப்பவருக்கு ஒரு என்95 முகக்கவசமும், புகைபோக்கி விசிறியும்தான் காசு கேட்பவை.

தூத்துக்குடிக் கடற்கரை மூச்சின் விலையை அறிந்தது. முத்துக்குளிப்பில் ஒருவர் மூழ்கினால், படகில் ஒருவர் கயிறு பிடித்து நின்றார்; கயிறு அசைந்ததும் தூக்கிவிடுவது அவர் கடமை. மாவுக்குள் மூழ்கியிருப்பவருக்கும் அந்தக் கயிறு வேண்டும். ஆள் எண்ணிக்கை பாராமல், எல்லா உணவுக்கூடங்களுக்கும் தூசித் தடுப்பு விதி வேண்டும். 2021-இல் தொடங்கி, வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், பரோட்டாக் கடையின் பின்கட்டுக்கும் வர வேண்டும்; லீவு நாளில் மூச்சு இலேசாகிறதா என்று கேட்க வேண்டும். ஆம் என்று சொல்பவரை வேலையை விட்டு அனுப்பாமல், மாவு படாத வேலைக்கு, சம்பளம் குறையாமல் மாற்ற வேண்டும்.