இற்ற கயிறு

ஏறுங்கால் விழிப்போடிருப்போர் இறங்குங்கால் அயர்ந்துவிடுதல் உலகியற்கை. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையாய் 4,478 மீட்டர் உயர்ந்து நிற்கும் மேட்டர்ஹார்ன் மலையின் வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

1865ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 14ஆம் நாள், எட்வர்டு விம்ப்பர் முதலாய எழுவர் முதன்முதலாக அதன் உச்சியை எய்தினர். கயிற்றால் ஒருவரோடொருவர் பிணைந்து இறங்குங்கால், மலையேற்றப் பயிற்சி குறைந்த இளைஞர் ஹாடோ கால் வழுக்கி வீழ்ந்தார். அவரோடு மூவர் இழுபட்டனர். நான்காமவருக்கும் ஐந்தாமவருக்கும் இடையே கயிறு இற்றது. நால்வர் மாண்டனர், மூவர் பிழைத்தனர்.

பிழைத்தவருள் ஒருவரான மூத்த வழிகாட்டி பீட்டர் டாக்வால்டர், தம் உயிர் காக்கக் கயிற்றை அறுத்தார் எனச் சிலர் தூற்றினர். விசாரணை அவரைக் குற்றமற்றவர் எனத் தெளிவித்தும் பழிச்சொல் ஓயவில்லை. உண்மை யாதெனில், இற்றது அவர்கள் கொண்டுசென்றவற்றுள் மிக மெலிந்த கயிறு. வலிய கயிறும் அவர்பால் இருந்தது! இற்ற துண்டினைச் செர்மாட் ஊர் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

வெற்றி கண்ட மகிழ்ச்சியில் கயிற்றை ஆராய மறக்கின்றோம்; அறுந்தபின் அருகிருந்தவரைப் பழிக்கின்றோம். நம்மை நம்பிப் பிணைந்து வருவோரை எக்கயிற்றால் கட்டியுள்ளோம் என்பதை இறங்குமுன் நோக்குவோமாக.