கண்ணாடியின் மறுபுறம்



இந்த மாநாட்டுக்குத் தலைமையேற்கும்படி கடிதம் வந்த நாளில் மகிழ்ச்சியோடு அச்சமும் கூடவே வந்தது. இந்த நாற்காலியில் எனக்கு முன் அமர்ந்தவர்களிடம் பாடம் கேட்டவன் நான். அவர்களில் இருவர் இப்போது முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் பேச வேண்டும் என்பதால் எழுதியதை மூன்று முறை திருத்திவிட்டே மேடையேறியிருக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக்கால நவீன ஓவிய இயக்கங்கள் என்பது மாநாட்டின் பொருள். 1905இல் பாரிஸின் இலையுதிர்காலக் கண்காட்சியில் ஃபாவிஸ்டுகள், 1907இல் பிக்காசோவின் 'அவிஞ்ஞோன் பெண்கள்', 1909 பிப்ரவரியில் லெ ஃபிகாரோ நாளிதழில் மாரினெட்டியின் அறிக்கை, 1915 டிசம்பரில் பெத்ரோகிராடில் மலேவிச்சின் கருஞ்சதுரம், அடுத்த பிப்ரவரியில் சூரிச்சில் டாடா. இந்த வரிசையை இந்த அவைக்கு நான் ஒப்பிக்க வேண்டியதில்லை. அடுத்து வரும் அமர்வுகள் இவற்றை விரிவாகப் பேசும். முதல் அருவ ஓவியம் எது என்ற பழைய வழக்குக்கும் ஓர் அமர்வு உண்டு. காண்டின்ஸ்கி 1910 என்று ஆண்டிட்ட நீர்வண்ணப் படம் உண்மையில் 1913ஐ ஒட்டியது என்று பலர் வாதிட்டுவிட்டார்கள். ஸ்வீடனின் ஹில்மா ஆஃப் கிளிண்ட் 1906லேயே அந்தத் திசையில் நடக்கத் தொடங்கியதும் இன்று எல்லாரும் அறிந்ததே. யார் முந்தினார் என்பதைவிட எப்படி வரைந்தார்கள் என்பதே என்னை நெடுங்காலமாகப் பிடித்து வைத்திருக்கிறது. அதற்காக உங்களைத் தெற்கு ஜெர்மனியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் முர்னாவ் என்ற சிற்றூருக்கு அழைத்துப்போகிறேன்.

1908 கோடையில் நான்கு ஓவியர்கள் அங்கே கூடினார்கள். வாசிலி காண்டின்ஸ்கி, கப்ரியேலே ம்யூன்டர், அலெக்ஸேய் யாவ்லென்ஸ்கி, மரியன்னே வெரெஃப்கின். மறு ஆண்டு ம்யூன்டர் அங்கே ஒரு வீடு வாங்கினார். ஊரார் அதை ரஷ்யர் வீடு என்றார்கள். வீட்டை வாங்கியவர் பெர்லினில் பிறந்த ஜெர்மானியப் பெண். பெயர் மட்டும் ரஷ்யர்களுக்குப் போனது. இயக்கத்தின் வரலாற்றிலும் அப்படித்தான் நடந்தது.

அந்த ஊரில் யோஹான் க்ரோட்ஸ் என்ற மதுவடிப்பாளர் இருந்தார். ஏறக்குறைய 1,000 கண்ணாடி ஓவியங்களைச் சேர்த்து வைத்திருந்தவர். புனிதர்கள், கன்னி மரியாள், குதிரைமேல் ஏறிப் பாம்பரக்கனைக் குத்தும் ஜார்ஜ் என்று பவேரிய உழவர் வீடுகளின் சுவரில் தொங்கிய எளிய படங்கள் அவை. அதே ஊரில் ஹைன்ரிஷ் ராம்போல்ட் என்ற கைவினைஞர் அந்தத் தொழிலை அப்போதும் செய்துகொண்டிருந்தார். யாவ்லென்ஸ்கிதான் இவற்றை முதலில் நண்பர்களுக்குக் காட்டினார். ஆனால் ராம்போல்டிடம் போய்த் தொழில் கற்றவர் ம்யூன்டர். குழுவில் கண்ணாடியை முதலில் கையில் எடுத்தவர் தாமே என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

தஞ்சாவூர்க் கண்ணாடிப் படம் எழுதுவோர் அருகில் ஒரு பொழுதாவது உட்கார்ந்தவர்களுக்கு இந்தத் தொழிலின் இயல்பைச் சொல்லித் தர வேண்டாம். தஞ்சைக்கும் முர்னாவுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இருந்ததாக நான் சொல்லவில்லை. பொருள் ஒன்று என்பதால் கைக்கு வரும் கட்டாயமும் ஒன்று, அவ்வளவுதான். கண்ணாடியின் பின்புறத்தில் வரைந்து முன்புறத்திலிருந்து பார்க்கிறோம். வலம் இடமாகும். துணியில் கடைசியாக வைப்பதை இங்கே முதலில் வைக்க வேண்டும். கண்ணின் கருவிழி, நகையின் புள்ளி, புறக்கோடு எல்லாம் முதலில். உடலின் நிறம் பிறகு. பின்னணி எல்லாவற்றுக்கும் கடைசி. நிறம் விழுந்த பின் கோட்டைத் திருத்த வழியில்லை. ஆகவே கோடு போடுமுன்பே முழுப் படமும் மனத்தில் முடிந்திருக்க வேண்டும்.

இந்தத் தொழிலைப் பற்றித்தான் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். நவீன ஓவியத்தின் ஒரு முக்கியமான திருப்பம் ஒரு கைவினைஞரின் தொழில்மேசையிலும் நடந்தது என்பது என் கருத்து. தடித்த கோட்டையும் தட்டையான நிறப்பரப்பையும் தொடங்கி வைத்ததே கண்ணாடிதான் என்று அதில் எழுதியிருந்தேன். நான் பெரிதும் மதிக்கும் மூத்த அறிஞர் ஒருவர் எழுந்து, தேதி இடிக்கிறது என்றார். ம்யூன்டரின் 1908 கோடைகாலப் படங்களிலேயே தடித்த கறுப்புக் கோடும் தட்டையான நிறப்பரப்பும் வந்துவிட்டன. கண்ணாடி கைக்கு வந்தது அதற்குப் பிறகு. காண்டின்ஸ்கியும் ம்யூன்டரும் 1906, 1907 ஆண்டுகளில் பாரிஸை ஒட்டிய செவ்ரில் வாழ்ந்தவர்கள். கோகான் வழிவந்தவர்களின் முறையை யாவ்லென்ஸ்கி அறிந்திருந்தார். பிறகு முர்னாவின் மதுவடிப்பாளர் எதற்கு என்று அவர் கேட்டார். அவையும் அவரோடு சேர்ந்துகொண்டது. அன்று எனக்கு விடை சொல்ல நேரம் தரப்படவில்லை. இன்று நேரம் என் கையில் இருப்பதால் சொல்கிறேன்.

அவர் சொன்ன தேதி சரி. கோட்டையும் தட்டைப் பரப்பையும் கண்ணாடி தொடங்கி வைத்தது என்று நான் எழுதியது தவறு. அதை இந்த மேடையில் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அவரும் நானும் அன்று ஒரே பிழையைச் செய்தோம். தாக்கம் என்றால் தோற்ற ஒற்றுமை என்று எடுத்துக்கொண்டோம். ஒரு படம் இன்னொன்றைப் போல இருக்கிறதா, எது முந்தியது என்று பார்த்தோம். வேலையின் வரிசையைப் பார்க்கவில்லை. துணியில் புறக்கோடு என்பது நிறங்களெல்லாம் அமர்ந்த பின் மேலே இழுக்கக்கூடிய ஒன்று. கண்ணாடியில் அதுவே அடித்தளம். பாரிஸிலிருந்து வந்தது கோட்டின் தோற்றம். கோட்டை முதல் முடிவாக வைக்கும் பழக்கம் ராம்போல்டின் மேசையிலிருந்து வந்தது என்பது என் வாதம்.

இதற்கு என் வலுவான சான்று ம்யூன்டரிடமிருந்து வரவில்லை, காண்டின்ஸ்கியிடமிருந்தே வருகிறது. அவருடைய 'கம்பொசிஷன் 6' இன்று ஹெர்மிட்டாஜில் இருக்கிறது. 1913இல் அதைப் பற்றி அவரே ஒரு சிறு கட்டுரை எழுதினார். அந்தப் பெரும் துணியோவியம் எங்கிருந்து கிளம்பியது என்று அதில் வெளிப்படையாகச் சொல்கிறார். தம் மனநிறைவுக்காக வரைந்த ஒரு கண்ணாடிப் படத்திலிருந்து. அதன் பொருள் ஊழிவெள்ளம். அதைத் துணிக்கு மாற்ற ஒன்றரை ஆண்டு முயன்றும் முடியவில்லை என்கிறார். வெள்ளத்தின் உருவத்தையே பிடித்துக்கொண்டிருந்ததுதான் தடை என்று பிறகு கண்டுகொள்கிறார். அருவ ஓவியத்தின் தலைமகன் என்று நாம் கொண்டாடுபவர், தம் மிகப் பெரிய படைப்புகளுள் ஒன்றின் பிறப்பிடம் ஒரு கண்ணாடித் துண்டு என்று கையெழுத்திட்டுத் தந்திருக்கிறார். அவருடைய 'கலையில் ஆன்மிகம்' நூலை வரிவரியாகப் பாடம் நடத்தும் நாம் இந்தச் சில பக்கங்களை ஏன் மாணவர் கையில் கொடுப்பதில்லை? கோட்பாட்டு நூல் நம் வகுப்பறைக்கு எளிதாக இருக்கிறது. பட்டறைக் குறிப்பை விளக்கப் பட்டறை தெரிந்திருக்க வேண்டும். இந்தக் குறையில் எனக்கும் பங்குண்டு.

இனி காண்டின்ஸ்கியும் நண்பர்களும் வெளியிட்ட மலரைப் பற்றி. 1911 டிசம்பரில் மியூனிக் புதிய ஓவியர் சங்கத்தின் தேர்வுக்குழு காண்டின்ஸ்கியின் 'கம்பொசிஷன் 5' ஓவியத்தைத் தள்ளியது. அவரும் ஃபிரான்ஸ் மார்க்கும் ம்யூன்டரும் வெளியேறினார்கள். அதே மாதம் 18ஆம் நாள் தான்ஹவுசர் காட்சிக்கூடத்தில் அவர்களுடைய 'நீலக் குதிரைவீரன்' குழுவின் முதல் கண்காட்சி திறந்தது. 1912 மே மாதம் பைப்பர் பதிப்பகம் அவர்களுடைய மலரை வெளியிட்டது. 140க்கும் மேற்பட்ட படங்கள். பவேரியக் கண்ணாடி ஓவியங்கள், ரஷ்ய நாட்டுப்புற அச்சுப்படங்கள், எகிப்திய நிழற்பாவைகள், குழந்தைகளின் சித்திரங்கள் எல்லாம் செசானுக்கும் பிக்காசோவுக்கும் பக்கத்தில் சமமாக அமர்ந்திருக்கின்றன. அந்தத் துணிவை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த மலரில் பெண் ஒருவர் எழுதிய கட்டுரை ஒன்றுகூட இல்லை. ம்யூன்டரின் 'புனித ஜார்ஜுடன் அசைவிலாப் பொருள்கள்' என்ற 1911ஆம் ஆண்டுப் படம் இருக்கிறது. அந்தப் படத்துக்குள்ளேயே ஒரு கண்ணாடி ஜார்ஜ் சுவரில் மின்னுகிறார். படம் இடம்பெற்றது. கண்ணாடித் தொழிலைக் கற்றவரின் சொல் இடம்பெறவில்லை.

அந்த முதல் கண்காட்சியின் அறைகள் எப்படி இருந்தன என்று இன்று நாம் அறிவது ம்யூன்டர் எடுத்த ஒளிப்படங்களால். 1914இல் போர் வந்தது. பகைநாட்டவர் என்பதால் காண்டின்ஸ்கி வெளியேறினார். குழுவின் ஓவியர்களான மாக்கே அந்தச் செப்டம்பரிலும் மார்க் 1916 மார்ச்சிலும் போர்க்களத்தில் மாண்டார்கள். 1937இல் நாஜிகள் இதே மியூனிக்கில் நவீன ஓவியத்தை இழிகலை என்று காட்சிக்கு வைத்து அவமதித்தபோதும் ம்யூன்டர் தம்மிடமிருந்த காண்டின்ஸ்கி படங்களைக் கைவிடவில்லை. முர்னாவ் வீட்டின் நிலவறையில் மறைத்துக் காத்தார். 1957இல், தம் 80ஆம் பிறந்தநாளையொட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை மியூனிக் நகரின் லென்பாக்ஹவுஸுக்குக் கொடுத்தார். அந்தக் கொடை இல்லையென்றால் நம் பாடத்திட்டத்தில் ஓர் அலகே இருந்திருக்காது. நன்றியோடு அவரைப் பாதுகாவலர் என்று எழுதுகிறோம். நான் கேட்பது அந்த நன்றியை அன்று. அவரை முறை கற்றவர், முறை கொண்டுவந்தவர் என்று எழுத வேண்டும் என்கிறேன். அவருக்குக் கற்றுக்கொடுத்தவரைப் 'பவேரிய நாட்டுப்புறக் கலை' என்ற பொதுச்சொல்லுக்குள் புதைக்காமல், ராம்போல்ட் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும் என்கிறேன். பாரிஸ் ஓவியர் என்றால் பெயர், பிறந்த ஆண்டு, குடியிருந்த தெரு வரை தருகிறோம். மலையடிவாரத்துக் கைவினைஞர் என்றால் வட்டாரத்தின் பெயர் போதும் என்று விட்டுவிடுகிறோம்.

முதல் அமர்வில் முர்னாவ் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. சுருக்கத்தை நேற்றிரவு படித்தேன். கடுமையாக உழைத்து எழுதியிருக்கிறார் அந்த இளம் ஆய்வாளர். செசான் இருக்கிறார், கோகான் இருக்கிறார், மத்தீஸ் இருக்கிறார். கண்ணாடி ஒரே ஒரு தொடரில் வருகிறது, அதுவும் அலங்காரப் பொருளாக. விவாத நேரத்தில் நான் கேட்கவிருக்கும் கேள்வியை இங்கேயே அவரிடம் கொடுத்துவிடுகிறேன். புல்வெளியில் சாய்ந்திருக்கும் யாவ்லென்ஸ்கியையும் வெரெஃப்கினையும் ம்யூன்டர் வரைந்திருக்கிறாரே, முகத்தில் கண்ணும் மூக்கும் இன்றி நிறம் மட்டும் நிரம்பியிருக்கும் அந்தப் படத்தில், முகத்தைச் சுற்றிய கோடு நிறத்துக்கு முன்பு விழுந்ததா, பின்பு விழுந்ததா? மூலப் படத்தின் முன் நின்று அதைப் பார்த்துச் சொன்னால், என் வாதம் தவறென்றாலும் ஏற்றுக்கொள்வேன்.

அமர்வைத் தொடங்குமாறு கட்டுரையாளரை அழைக்கிறேன்.