கொழும்புச் சந்தைக்கு மரக்கறி அனுப்புதல்: பொதிச் செலவும் லொறிக் கூலியும்

(கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நல்ல விதை எது, எரு எவ்வளவு, நீர் எப்போது பாய்ச்சுதல் வேண்டும் என்பன பற்றி இத்தகைய கூட்டங்களிற் பலமுறை பேசியுள்ளோம். இன்று தோட்டத்துப் படலையைத் தாண்டிச் செல்லும் பொருளைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். விளைவித்தல் தொழிலின் ஒரு பாதியே. விளைந்ததைக் கெடாமற் கொண்டுபோய்க் காசாக்குதல் மற்றப் பாதி. முதற்பாதியிற் பட்ட பாடெல்லாம் இரண்டாம் பாதியில் ஓர் இரவுக்குள் வீணாகிவிடக் கூடும்.

கொழும்பிலே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. வடக்கிலிருந்து வரும் முருங்கைக்காய், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், இராசவள்ளிக்கிழங்கு, மொட்டைக்கறுப்பன் அரிசி ஆகியவற்றை அவர்கள் தேடி வாங்குவர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஏ-9 வீதி 2006 ஆகஸ்டில் மூடப்பட்டபோது இச்சந்தை கைநழுவிப் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2009 இற்குப் பின் வழி மீண்டும் திறந்தது. இன்று வழி உண்டு, வாங்குவோரும் உளர். எனினும், “கொழும்பில் விலை நன்றாயிருந்தது, கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை” என்ற முறைப்பாட்டை எங்கும் கேட்கின்றோம். இதன் காரணத்தை ஆராய்வோம்.

எந்தக் கிலோவிற்குக் கணக்குப் பார்ப்பது?

நம்மிற் பலர் அனுப்பிய நிறையைக் கொண்டே செலவைக் கணக்கிடுகின்றனர். இது பிழை. விற்று முடிந்த நிறையைக் கொண்டே கணக்கிடுதல் வேண்டும். வழியில் நசுங்கி அழுகிய கிலோவிற்கும் விதை, உரம், கூலி யாவும் செலவிட்டோம். அதற்கு லொறிக் கூலியும் முழுமையாகவே கொடுத்தோம். அது திருப்பித் தந்தது ஒன்றுமில்லை.

இலங்கையில் மரக்கறியிலும் பழங்களிலும் அறுவடைக்குப் பின் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை வீணாகின்றது என ஆய்வாளர் பலர் மதிப்பிட்டுள்ளனர். இதற்குப் பெருங் காரணங்களுள் ஒன்று நாம் பொதி செய்யும் முறை. ஐம்பது கிலோ மரக்கறியை ஓர் உரப்பையில் அடைந்து, வாயைத் தைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் மேல் ஆளும் ஏறி அமர்ந்து செல்வதை நாம் காண்கின்றோம். பறித்த பின்னரும் காய் மூச்சு விடுகின்றது. அம்மூச்சினால் வெப்பம் உண்டாகின்றது. காற்றுப் புகாத பையின் நடுவிலுள்ள காய் அந்த வெப்பத்தில் வேகின்றது. அடியிலுள்ள காய் பாரத்தில் நசுங்குகின்றது. விடியற் காலையிற் கொழும்பில் வாயை அவிழ்க்கும்போது மேலிருப்பது மாத்திரமே மரக்கறி.

எரிபொருள் விலை ஏறும்போது இந்த நட்டம் இரட்டிக்கின்றது. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாயிருந்த ஒட்டோ டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவாயிற்று. அந்நாட்களில் அழுகலை ஏற்றிச் செல்வதற்குக் கொடுத்த கூலி எவ்வளவு என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கலாம்.

கூடை இலாபமா, பை இலாபமா?

2011 டிசம்பரில் மரக்கறியையும் பழங்களையும் பிளாஸ்டிக் கூடைகளிலேயே கொண்டு செல்லுதல் வேண்டும் என்னும் ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தது. கமக்காரரும் வியாபாரிகளும் அதனை எதிர்த்தனர். அரசாங்கம் அதனைத் தளர்த்த நேர்ந்தது. கூடையினாற் சேதம் குறையும் என்பது உண்மையே. ஆனால் கூடைக்கு முதல் வேண்டும். லொறியில் அது கூடுதலான இடத்தைப் பிடிக்கும். வெறுங் கூடை திரும்பி வருதலும் வேண்டும். இச்செலவை யார் ஏற்பது என்பதே அன்று எழுந்த வழக்கு. இன்றும் ஒவ்வொரு கமக்காரன் வீட்டிலும் அவ்வழக்கு உண்டு. ஆகவே அதனைக் கணக்கினால் தீர்ப்போம்.

கீழே வரும் எண்கள் உதாரணத்திற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கூலியையும் விலையையும் அவற்றின் இடத்தில் இட்டுப் பாருங்கள். தக்காளி 500 கிலோ அனுப்புவதாகக் கொள்வோம். கொழும்பு விலை கிலோ 200 ரூபா.

உரப்பையில் அனுப்பினால்:
10 பைகள், ஒன்று 60 ரூபா — 600
லொறிக் கூலி, கிலோ 10 ரூபா — 5,000
சுமைகூலி, பை 100 ரூபா — 1,000
மொத்தச் செலவு — 6,600
சேதம் நூற்றுக்கு 25. விற்பது 375 கிலோ. வரவு — 75,000
மிஞ்சுவது — 68,400

கூடையில் அனுப்பினால்:
25 கூடைகள், ஒன்றின் விலை 1,500 ரூபா, 50 பயணத்திற்கு உழைக்கும், ஒரு பயணத்திற்கு 30 ரூபா — 750
லொறிக் கூலி, இடம் கூடுதலாகையால் கிலோ 14 ரூபா — 7,000
சுமைகூலி, கூடை 50 ரூபா — 1,250
வெறுங் கூடை திரும்ப, ஒன்று 40 ரூபா — 1,000
மொத்தச் செலவு — 10,000
சேதம் நூற்றுக்கு 10. விற்பது 450 கிலோ. வரவு — 90,000
மிஞ்சுவது — 80,000

செலவு 3,400 ரூபா கூடிற்று. கையில் மிஞ்சியது 11,600 ரூபா கூடிற்று. செலவைக் குறைத்தலே சிக்கனம் என எண்ணுவோர் இதனை நன்கு கவனித்தல் வேண்டும்.

ஆயினும் இக்கணக்கை இங்கே நிறுத்திவிடலாகாது. சந்தையில் தக்காளி மலிந்து கிலோ 40 ரூபாவிற்கு இறங்கினால் என்னாகும்? பையில் அனுப்பியவனுக்கு 8,400 ரூபா மிஞ்சும். கூடையில் அனுப்பியவனுக்கு 8,000 ரூபாவே மிஞ்சும். காப்பாற்றிய 75 கிலோவின் பெறுமதி, கூடுதற் செலவான 3,400 ரூபாவைத் தாண்டினாலே கூடை இலாபம். நமது உதாரணத்தில் அந்த எல்லை கிலோ 45 ரூபா அளவில் உள்ளது. விலை அதற்கு மேலாயிருந்தாற் கூடை. கீழாயின் மலிவான பொதி, அல்லது அருகிலுள்ள சந்தை. ஒவ்வொரு பயிருக்கும் இந்த எல்லையைக் கணித்து, வீட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

இன்னுமொன்று. 25 கூடைகளில் ஐந்து திரும்பி வராவிடின் 7,500 ரூபா போயிற்று. கிடைத்த மேலதிக இலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதனோடு போய்விடும். கூடைகளில் அடையாளமிடுங்கள். எத்தனை போயின, எத்தனை வந்தன என்பதை லொறிச் சாரதியின் கையொப்பத்துடன் குறித்து வையுங்கள்.

சேதம் குறைந்த பயன் யாருக்கு?

நீங்கள் கூடையிற் பழுதின்றி அனுப்பிய பொருளுக்கும், பையில் நசுங்கிய பொருளுக்கும் வாங்குவோர் ஒரே விலையும் ஒரே கழிவும் வைத்தால், கூடையின் செலவு உங்களுக்கு, பயன் அவருக்கு என முடியும். கூடை வாங்குமுன் விலை பேசுதல் வேண்டும். “கூடையில் வருவதற்குக் கழிவு வெட்டலாகாது, தரம் பிரித்த பொருளுக்குத் தனி விலை” என முன்கூட்டியே ஒத்துக்கொண்டவருக்கே கூடையில் அனுப்புங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சில்லறைக் கடைக்காரர் பொறுக்கி எறியும் வேலை இல்லாத பொருளை விரும்புவர். அவர்களுக்கு நேரே அனுப்புதல் இவ்வகையில் நன்று. ஆனால் ஒவ்வொருவரும் இரண்டு மூடை, மூன்று மூடை எனத் தனித்தனியே அனுப்பினாற் கூலி தாங்காது. ஊரில் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு லொறியை அமர்த்துவதே வழி.

எதற்கு எப்பொதி?

எல்லா மரக்கறிக்கும் பிளாஸ்டிக் கூடை வேண்டியதில்லை. தக்காளி, கத்தரி, பாகல், கறிமிளகாய், போஞ்சி போன்ற நசியும் பொருள்களுக்கே அது தக்கது. வெங்காயத்திற்குக் காற்றோடும் வலைப்பை போதும். பூசணியைக் காம்புடன் வெட்டி, வைக்கோல் பரப்பிய லொறித் தளத்தில் அடுக்கலாம். முருங்கைக்காயைக் கட்டாகக் கட்டி ஈரச் சாக்கினாற் சுற்றலாம். நமது பனையோலைக் கடகமும் காற்றோடும் நல்ல பொதியே. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற அது பாரந் தாங்காது. மேலடுக்கில் மாத்திரம் வைத்தல் வேண்டும்.

உரம் வந்த பையைக் கழுவிவிட்டு அதில் உணவுப் பொருளை இடுதல் கூடாது. பழுத்த வாழைக்குலையை இலைக்கறியோடும் பச்சைக் காய்களோடும் சேர்த்து ஏற்றலாகாது. பழத்திலிருந்து வெளியாகும் எதிலீன் வாயுவினால் அவை மஞ்சளித்துக் கெடும்.

பணச் செலவில்லாத காரியங்களும் உள. காலை வெயில் ஏறுமுன் பறித்தல். பறித்ததை மரநிழலில் ஆறவிடுதல். நீண்ட பயணத்திற்குத் தக்காளியை நிறம் மாறத் தொடங்கும் பருவத்திற் பறித்தல். பழுதானதைத் தோட்டத்திலேயே கழித்துவிடுதல். கூடையின் விளிம்பிற்கு மேல் குவித்து நிரப்பாதிருத்தல். இவற்றைச் செய்யாதவனுக்குக் கூடையும் உதவாது.

லொறி ஏற்றும் ஒழுங்கு

புறக்கோட்டையிலிருந்த மனிங் மொத்தச் சந்தை 2020 நவம்பரிற் பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. வடக்கிலிருந்து வரும் லொறி களனி கங்கையைக் கடக்குமுன் பேலியகொடையை அடையும், அதன்பின் கொட்டாஞ்சேனை, நகரைக் கடந்து தெற்கே காலி வீதியில் வெள்ளவத்தை. ஆகவே வெள்ளவத்தைக்குரியதை முதலில் ஏற்றி உள்ளே வையுங்கள், அடுத்துக் கொட்டாஞ்சேனைக்குரியது, பேலியகொடைக்குரியது கதவோரம். முறைமாறி ஏற்றினால் ஒவ்வோரிடத்திலும் எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற நேரும். சுமைகூலியும் சேதமும் கூடும். காலி வீதியில் நெரிசல் தொடங்குமுன் வெள்ளவத்தையில் இறக்கி முடிக்கத் தக்கதாகப் புறப்படும் நேரத்தை அமைத்தல் வேண்டும். தார்ப்பாயை மழைக்கு மூடினாலும் பக்கங்களிற் காற்றோட இடம் விடுங்கள். வெறுங் கூடைகளை ஏற்றாமல் லொறி திரும்பலாகாது. திரும்பும் லொறியில் ஊர்க் கடைக்காரரின் சாமான் ஏற்ற ஒழுங்கு செய்தால் உங்கள் கூலியும் குறையும்.

1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரத சேவை 2014 ஒக்டோபரில் மீண்டும் தொடங்கியது. சிறு பொதியைப் புகையிரதத்தில் அனுப்ப எண்ணுவோர், அன்றைய நிலையில் பொதி ஏற்கப்படுகின்றதா, கூலி யாது என்பவற்றை நிலையத்தில் விசாரித்தறிந்தபின் பறிக்கத் தொடங்குதல் நலம்.

நெல் விளைவிப்போருக்கு

நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி கிடைக்கும். எஞ்சியது உமியும் தவிடும். நெல்லாகவே கொழும்பிற்கு ஏற்றுபவன் மூன்றில் ஒரு பங்கு கூலியை உமிக்கும் தவிட்டுக்குமாகக் கொடுக்கின்றான். ஊரிலேயே குற்றி அரிசியாக அனுப்பினால் அக்கூலி மிஞ்சும்; தவிடு மாட்டிற்கும் கோழிக்கும் தீனியாகும். நெல்லை ஈரப்பதன் நூற்றுக்கு 14 இற்கு மேற்படாதவாறு உலர்த்திய பின்னரே சேமித்தல் வேண்டும். மொட்டைக்கறுப்பன் போன்ற தவிடு நீக்காத அரிசி நாட்பட்டாற் சிக்குநாற்றம் பிடிக்கும். ஆகையால் விற்பனைக்கு வேண்டிய அளவே குற்றி, சிறு பொதிகளாக அனுப்புங்கள். பொதியில் நிறை, அதிகூடிய சில்லறை விலை, பொதி செய்த திகதி, காலாவதித் திகதி என்பன அச்சிடப்படல் வேண்டும்.

முதலிற் செய்யவேண்டியது

இவ்வுரையைக் கேட்டு நாளைக்கே நூறு கூடை வாங்கிவிடாதீர்கள். அடுத்த முறை அனுப்பும்போது பத்துக் கூடையை இரவலாகவோ வாடகைக்கோ பெற்று, அதே தோட்டத்துப் பொருளைப் பாதி பையிலும் பாதி கூடையிலும் ஒரே லொறியில் அனுப்புங்கள். இரண்டிலும் அனுப்பிய நிறை, விற்ற நிறை, செலவு, வரவு என நான்கு எண்களைக் குறியுங்கள். மூன்று முறை அவ்வாறு செய்தால் உங்கள் தோட்டத்திற்குரிய விடை உங்கள் கொப்பியிலேயே கிடைக்கும். அந்தக் கொப்பியுடன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் செல்லுங்கள். அவருடன் இருந்து கணக்கைப் பார்த்தபின், அயலவர் எட்டுப் பேருடன் கூடிப் பேசுங்கள்.

மண்ணில் வியர்வை சிந்தி விளைவித்த பொருள் வழியில் அழுகலாகாது. தோட்டத்திற் காட்டும் கவனத்திற் பாதியைப் பொதியிலும் காட்டினால், கொழும்பில் நல்ல விலை என்ற செய்தி உங்கள் வீட்டிலும் நல்ல செய்தியாகும்.