விலை இறங்கிய பங்கெல்லாம் மலிவான பங்கா?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



55 வயதில் கைக்கு வரும் சேமநிதிப் பணம் நம்முடைய வாழ்நாள் வியர்வை. அந்தப் பணத்தைக் குறிவைத்து, “இந்தக் கம்பெனிப் பங்கு 1 வெள்ளி பெறும், இன்று 60 காசுக்குக் கிடைக்கிறது, விடாதே!” என்று சொல்லி வருவோர் உண்டு. நொடித்த கம்பெனியின் பங்கு உண்மையிலேயே மலிவா, இல்லை, அதற்குத் தகுந்த விலையே அவ்வளவுதானா? இதை எடைபோடும் வழியைப் பற்றியே பேச வந்தேன்.

அமெரிக்காவில் பெர்க்‌ஷயர் ஹாத்தவே என்றொரு நெசவாலைக் கம்பெனி இருந்தது. 1962 டிசம்பரில் வாரன் பஃபெட் என்பவர் அதன் பங்கை 7.50 டாலருக்கு வாங்கத் தொடங்கினார். கம்பெனியின் ரொக்கம், சரக்கு, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றில் உடனடிக் கடன்களைக் கழித்தாலே பங்குக்கு 10.25 டாலர் நின்றது. கட்டடம், யந்திரம் எல்லாம் சேர்த்தால் ஏட்டுக் கணக்கில் 20.20 டாலர். மலிவுதானே என்று யாருக்கும் தோன்றும். 1965 மே மாதத்தில் கம்பெனியே அவர் கைக்கு வந்தது.

பிறகு நடந்தது என்ன? நெசவுத் தொழில் நிமிரவில்லை. 1985-ல் ஆலையை மூடினார்கள். சுமார் 130 லட்சம் டாலருக்கு வாங்கிய யந்திரங்கள் 163,122 டாலருக்குப் போயின. 1981-ல் ஒன்று 5,000 டாலர் கொடுத்து வாங்கிய தறிகளை 50 டாலருக்கும் கேட்பாரில்லை. 26 டாலருக்குப் பழைய இரும்பாகப் போட்டார்கள். தறியை ஓட்டிய தொழிலாளர்களோ வேலை இழந்தார்கள்! இன்று அதே பெயரில் பெரிய நிறுவனம் நிற்கிறது என்றால், அதை வளர்த்தது இன்ஷூரன்ஸ் முதலிய வேறு தொழில்கள்; நெசவு அன்று.

தோழர்களே, அடிமரம் பருத்திருக்கிறது என்பதற்காகப் பால் கொட்டும் என்று நாம் நம்புவோமா? வெட்டுவதற்குப் பட்டை மிஞ்சியிருக்கிறதா என்றல்லவா பார்ப்போம்! கம்பெனியையும் அப்படியே பார்க்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

முதலாவது, கடன் போக மிஞ்சுவது என்ன? கம்பெனி கலைக்கப்பட்டால் பங்குதாரன் வரிசையின் கடைசியில் நிற்பவன். பாங்கிக் கடன் மட்டுமல்ல, தொழிலாளிக்குத் தரவேண்டிய சம்பளமும் சேமநிதிப் பாக்கியும் கடனே. அவற்றை மறைத்துக் காட்டும் சொத்து, சொத்தே அல்ல.

இரண்டாவது, மிஞ்சும் சொத்து இன்று விற்றால் என்ன விலை போகும்? ஏட்டு விலையை நம்பாதீர். தறியின் கதையை நினையுங்கள்.

மூன்றாவது, ஆண்டுதோறும் கரைவது எவ்வளவு? 1 வெள்ளி மதிப்புள்ள பங்கில் ஆண்டுக்கு 15 காசு நஷ்டம் என்று வையுங்கள். மூன்றாண்டில் மதிப்பு 55 காசு. 60 காசுக்கு வாங்கியவனின் “மலிவு” எங்கே போயிற்று?

நான்காவது, சாவி யார் கையில்? பஃபெட்டிடம் ஆளும் அளவுக்குப் பங்கு இருந்தது. அதனால் பணத்தை வேறு தொழிலுக்குத் திருப்ப முடிந்தது. 500 பங்கு வைத்திருப்பவன் சொன்னால் நிர்வாகம் கேட்குமா?

பஃபெட்டின் ஆசிரியர் பெஞ்சமின் கிரஹாம், 1934-ல் டேவிட் டாட் என்பவரோடு சேர்ந்து புகழ்பெற்ற நூலொன்றை எழுதியவர். அவர் வகுத்த அளவு கண்டிப்பானது. நிலத்தையும் யந்திரத்தையும் அதில் சேர்ப்பதே இல்லை. ரொக்கம், சரக்கு, வரவேண்டிய பாக்கி இவற்றிலிருந்து கடன் அனைத்தையும் கழித்து, மிஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைந்த விலையில் கிடைத்தால் மட்டுமே வாங்கலாம். அதையும் ஒரே கம்பெனியில் போடாமல் பலவற்றில் பிரித்துப் போட வேண்டும். மலிவான பங்குகள் உலகில் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த அளவுக்குத் தேறுபவை சிலவே.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். செக்ரோல் எழுதத் தெரிந்த உங்களுக்கு ஐந்தொகை படிப்பது பெரிதல்ல. பங்கு விற்க யாரேனும் தோட்டத்துக்கு வந்தால், கம்பெனியின் கணக்கைக் கேட்டு வாங்கி, இந்த நான்கு கேள்விகளையும் தோழர்கள் முன் படித்துக் காட்டுங்கள். கணக்குக் காட்டாதவனிடம் காசு காட்ட வேண்டாம்.