மெட்ராஸ் ஐ என்று நான் அனுப்பிவைத்த மாணவன்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அறிவியல் டீச்சர் என்பதால் துணைக்கருவி பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் செய்த ஒரு தவறைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் வைகைப் பாசனத்து ஊர். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தால், பிள்ளைகள் பலர் நெல் சுணை பட்ட கை கால்களைச் சொறிந்துகொண்டேதான் வருவார்கள். அப்படி ஒரு தை மாதத் திங்கட்கிழமை, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இடது கண் சிவந்து, நீர் வடிய, ஜன்னல் பக்கம் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அந்த மாதம் மெட்ராஸ் ஐ பரவிக்கொண்டிருந்தது. "மூணு நாள் வீட்ல இருப்பா, மத்தவங்களுக்கும் ஒட்டிக்கும்" என்று அனுப்பிவிட்டேன். "களத்துல தூசி விழுந்துச்சு டீச்சர்" என்று அவன் சொன்னான். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

வீட்டில் முதலில் தாய்ப்பால் விட்டிருக்கிறார்கள். பிறகு அப்பா மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார். இரண்டே நாளில் சிவப்பு குறைந்தது. குணமாகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும், கிருமியைக் கொல்லாது. உள்ளே இருப்பது பூஞ்சையாக இருந்தால், அதைத் தடுக்கும் உடலின் காவலையும் சேர்த்தே அடக்கிவிடும்.

பத்தாம் நாள் அவன் வகுப்புக்கு வந்தபோது, கருவிழியில் கடுகளவு வெள்ளையாக ஒன்று தெரிந்தது. பூ விழுவது என்று ஊரில் சொல்வார்களே, அதுதான். அன்று மதியமே அவன் அம்மாவோடு மதுரைக்குப் பேருந்து ஏறினேன்.

கண்ணின் படம் வரைந்து பாகங்களைக் குறி என்று எத்தனை வினாத்தாள் தயாரித்திருப்போம்! கருவிழி என்றாலும் அது கருப்பல்ல, கைக்கடிகாரத்தின் கண்ணாடி போன்ற ஒளிபுகும் படலம். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம். ஒளி தடையின்றிப் போக வேண்டும் என்பதற்காக அதில் இரத்தக் குழாயே கிடையாது. ஆகவே கிருமி உள்ளே நுழைந்தால் இரத்தத்தின் வெள்ளணுக்கள் சுற்றி வளைத்துக்கொண்டுதான் வந்து சேர வேண்டும். மேல்தோல் முழுசாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே நுழைய முடியாது. ஒரு உமி, ஒரு கரும்புத் தோகையின் விளிம்பு கீறினால் போதும், வாசல் திறந்துவிடும்.

மருத்துவர் ஒரு காகிதப் பட்டையால் மஞ்சள் சாயத்தைக் கண்ணில் தொட்டு வைத்து நீல ஒளியில் பார்த்தார். மேல்தோல் போன இடம் மட்டும் பச்சையாக மின்னியது. பிறகு மரத்துப்போகும் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி எடுத்தார். அவன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுரண்டியதில் கொஞ்சம் வளர்ப்புத் தட்டுகளுக்குப் போனது. அதன் முடிவு வரச் சில நாளாகும். கொஞ்சம் கண்ணாடித் தகட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு உடனே பார்க்க. இன்னொரு தகட்டுக்குக் கிராம் சாயம், பாக்டீரியாவைத் தேடுவதற்கு.

ஆய்வகத்தில் இருந்தவர் நான் அறிவியல் ஆசிரியை என்று அறிந்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். கிளை பிரிந்த இழைகள், மூங்கில் கணுபோல இடையிடையே குறுக்குச் சுவர்கள். நாம் வகுப்பில் காட்டும் ரொட்டிப் பூஞ்சைக்கு அந்தச் சுவர்கள் இராது. மூன்று வாரம் முன்புதான் அந்தப் பாடம் நடத்தியிருந்தேன்.

பார்த்தாலே பாக்டீரியாவா பூஞ்சையா என்று தெரியாதா என்று மருத்துவரிடம் கேட்டேன். பாக்டீரியா புண் பொதுவாக வேகமாக முற்றும், வலி அதிகம். பூஞ்சைப் புண் மெதுவாகப் பரவும், ஓரம் இறகுபோலப் பிசிறாக இருக்கும். ஆனாலும் கருவிழி நிபுணர்களிடம் புகைப்படங்களைக் காட்டி நடத்திய ஓர் ஆய்வில், மூன்றில் இரண்டு பங்குதான் சரியாகச் சொன்னார்களாம். அதனால்தான் சுரண்டிப் பார்ப்பது. நிபுணர் கண்ணே தவறும்போது, கடைக்காரரும் நானும் எம்மாத்திரம்?

பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் சொட்டுகள். பூஞ்சைக்கு அவை பயன்படா. அதற்கு நாட்டமைசின். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து 1950களில் எடுத்ததால் வந்த பெயர். நம் முன்னோர் 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன அதே நேட்டால். இது பழைய மருந்து, புதிதாக வந்த வோரிகொனசோல் மேலானதாக இருக்கும் என்று பலர் எண்ணியிருந்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2013இல் வெளியான முடிவு, பழைய நாட்டமைசினே மேல் என்றது. ஃபியூசேரியம் என்ற பூஞ்சையில் வித்தியாசம் இன்னும் அதிகம். உலகத்துக்கான விடை நம் தமிழ்நாட்டில் கிடைத்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மருந்தின் பெயரைச் சொல்வது எளிது, போடுவது கடினம். தொடக்கத்தில் மணிக்கு ஒரு தடவை, இரவிலும். குலுக்கித்தான் விட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும். அவன் அம்மா கைப்பேசியில் மணிக்கு மணி அலாரம் வைத்துக்கொண்டு, பகலில் நூறு நாள் வேலைக்கும் போனார். புண் ஆற ஆறு வாரத்துக்கு மேல் ஆனது. கண் தப்பியது. தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணால் கரும்பலகை எழுத்து அவனுக்கு இன்றும் கலங்கலாகத்தான் தெரிகிறது. பிற்காலத்தில் கருவிழி மாற்று தேவைப்படலாம் என்றிருக்கிறார்கள்.

நேபாளத்தில் பக்தபூர் வட்டாரத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கருவிழியில் கீறல் பட்டவர்களுக்குக் கிராமச் சுகாதாரப் பணியாளர்களே ஆன்டிபயாடிக் களிம்பு போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. நாம் மருந்து போட வேண்டாம், போடவும் கூடாது. ஆனால் அந்த 18 மணி நேரத்தில் பிள்ளை நம் கண்முன் ஏழெட்டு மணி நேரம் இருக்கிறது.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி அடுத்ததற்கும் போகும், பீளை ஒட்டும், பார்வை தெளிவாகவே இருக்கும். ஒரே கண், வெளிச்சம் பட்டால் கூச்சம், வலி, மங்கல், கருவிழியில் வெண்புள்ளி என்றால் வேறு யோசனையே வேண்டாம், அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். ஏதாவது விழுந்ததா, குத்தியதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதிலையும் கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அதைத்தான்.

அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு, எங்கள் பள்ளியிலேயே. போன அறுவடையில் அவன் தம்பி கண்ணில் தூசி விழுந்திருக்கிறது. கடைக்குப் போகவிடாமல் அன்றே பேருந்து ஏற்றி அழைத்துப் போயிருக்கிறான். "கீறல் மட்டும்தான் டீச்சர், புண் இல்லையாம்" என்று மறுநாள் காலை மருத்துவமனைச் சீட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான்.